எங்கள் வீட்டுக் கமா சண்டை

புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஊரில் மரியாதையான காரணங்கள் நிறைய இருக்கின்றன. மாமியார், குடி, சொத்து, நாத்தனார் பேசிய பேச்சு. எங்கள் வீட்டில் இதில் ஒன்றுக்கும் சண்டை வந்ததில்லை. நாங்கள் கமாவுக்காகச் சண்டை போட்டோம். இங்கிலீஷ் வாக்கியத்துக்கு நடுவில் வால் வைத்த புள்ளி ஒன்று போடுவார்களே, அந்தக் கமாவுக்காக.

சத்தம் தெருவுக்கே கேட்கும். என்னுடையது கடைசி பெஞ்சு வரைக்கும் எட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழகிய குரல், வீட்டுக்கு வந்தால் சுருங்குமா? அவருடையது ஷூ கம்பெனியில் தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். பக்கத்து வீட்டில் உருது பேசுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். பாபி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் துணி உதறிக்கொண்டே கேட்பார்.

"இன்னா டீச்சரம்மா, காலங்காத்தால பேஜாரு?"

"ஒண்ணுமில்ல பாபி, கரண்ட் பில்லு விஷயம்" என்பேன். கமா என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பைத்தியம் என்று நினைத்துக்கொள்வார்.

நான் ஒடுகத்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணம் ஆகி ஆம்பூருக்கு வந்தேன். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். அவர் ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தார். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகிற மெயில் எல்லாம் அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் போகும். ஆக, ஒரே வீட்டில் இங்கிலீஷை வைத்துச் சோறு தின்கிற இரண்டு பேர். பிள்ளை இல்லை. "சண்டை போடவாவது வீட்ல ஒண்ணு வேணும் இல்ல, போட்டுக்கோங்க" என்பாள் என் அக்கா.

என்னிடம் இருந்தது புத்தகத்து விதி. ஆரம்பத்தில் ஒரு சொற்றொடர் வந்தால் அதற்குப் பின்னால் கமா. "After lunch, we will check the samples." இதில் லஞ்சுக்குப் பிறகு ஒரு கமா வைப்பேன். அவர் எடுத்துவிடுவார்.

"ஏழு வார்த்த வாக்கியம். இதுக்குள்ள இன்னாத்துக்கு மூச்சு வாங்குற?"

"விதி அப்படி."

"எக்ஸ்பிரஸ் வண்டி அரக்கோணத்துல நிக்கணும், நிக்கட்டும். நடுவுல இருக்கிற எல்லா ஸ்டேஷன்லயும் நின்னா அது எக்ஸ்பிரஸ்ஸா?"

"நிக்கலன்னா நான் எப்டி எறங்குறது?"

"நீ இன்னாத்துக்கு எறங்குற? கடைசி வரைக்கும் வா."

இப்படித்தான் போகும். அவர் கமாவில் கருமி என்று நினைத்துவிடக் கூடாது. வரிசையாகச் சொல்லும்போது கடைசி "and" என்ற சொல்லுக்கு முன்னால் கமா வேண்டாம் என்று எங்கள் பாடப் புத்தகம் சொல்லும். அங்கே மட்டும் அவர் கமா வைத்தே தீருவார். கறுப்பு, பிரவுன், டான் என்று மூன்று நிறத்தில் ஆர்டர் வருகிறது. கடைசி இரண்டுக்கும் நடுவில் கமா இல்லாமல் "brown and tan" என்று போனால், பிரவுனும் டானும் கலந்த இரட்டை நிற ஷூ என்று ஒருவன் வெட்டிவிடுவான், தோல் பாழ் என்பார். அவருக்கு இருந்தது ஒரே விதிதான். "கமா இல்லன்னா சரக்கு மாறுமா? மாறும்னா போடு. மாறாதுன்னா கைய வச்சிக்கிட்டு சும்மா இரு."

என் கமாவுக்கு அவர் வைத்த பேர் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். மாட்டை உண்ணி கடித்த இடம், தோலைப் பதனிட்டு மெருகேற்றிய பிறகும் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரியும். கம்பெனியில் தோலை மேசைமேல் விரித்து, அந்தப் புள்ளிகளை எல்லாம் சில்வர் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். வெட்டுகிறவர் அந்த இடங்களை ஒதுக்கிவிட்டு வெட்டுவார். அந்தச் சில்வர் பேனா ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். நான் பிள்ளைகளுக்காக எழுதி வைத்த பயிற்சித் தாளை எடுப்பார், தேவையில்லாத கமாவை எல்லாம் வட்டம் போடுவார்.

"உண்ணி ஜாஸ்தி, டீச்சரம்மா."

"என் தாள்ல கை வச்சீங்கன்னா இன்னைக்கு சோறு கிடையாது."

"சோறு வேணாம். இந்த உண்ணிய மட்டும் எடுத்துடு."

எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுதியது. "The pairs, which are damaged, will be replaced." கெட்டுப்போன ஜோடிகளை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று சொல்ல வந்தாள் அந்தப் பெண். நடுவில் இரண்டு கமா விழுந்ததால், அனுப்பிய ஜோடிகள் எல்லாமே கெட்டுப்போனவை என்று அர்த்தமாகிவிட்டது. மெயில் போவதற்கு முன்னால் அவர் கண்ணில் பட்டுவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குள் வரும்போதே செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மொத்த கன்டெய்னரும் குப்பைன்னு நாமளே எழுதிக் குடுக்கறோம்மா! நாமளே!"

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருவரும் ஒரே பக்கம் நின்று கத்தினோம். பாபி அன்றைக்கு உண்மையாகவே பயந்துபோய் வாசலுக்கு வந்துவிட்டார்.

அவருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். டீ டம்ளரை எடுத்தார், அது கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் பாபியின் மகன் காரை எடுத்துக்கொண்டு வந்தான். வேலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னாங்க, இன்னாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார்.

உயிர் பிழைத்தார். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வலது கை தொங்கிப்போயிற்று. பேச்சு முழுக்கப் போய்விட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள், என் மாணவிகளில் ஒருத்தி போல ஒல்லியாக, பொறுமையாக. பசு, சாவி, குடை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். அவர் உதடு அசையும். காற்றுதான் வரும்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு மத்தியானம், "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன்.

"சரி" என்றார்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். சுவரைத் தட்டி, "பாபி, பேசிட்டாரு! பேசிட்டாரு!" என்று கத்தினேன். பாபி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு கிண்ணம் சேமியா கொண்டுவந்தார். அக்காவுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு முழுக்க வீடு கல்யாண வீடாக இருந்தது.

சாயந்திரம்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. "டீ வேணுமா?" என்று கேட்டேன். "சரி." கொஞ்சம் விட்டு, "டீ வேணாமா?" என்று கேட்டேன். அதற்கும் "சரி." "உங்க பேரு இன்னா?" "சரி." பாபி, "சேமியா நல்லாருக்காண்ணா?" என்று கேட்டபோது சொன்ன சரியும் இதே சரிதான் என்று அப்போதுதான் புரிந்தது. அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பயிற்சி கொடுக்கிற பெண் விளக்கினாள். சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும், எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வந்து விழும், ஒத்துக்கொள்கிறார் என்று அர்த்தமில்லை என்றாள். உள்ளே எவ்வளவு புரிகிறது என்று இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னாள்.

பாருங்கள் இந்த அநியாயத்தை. மனுஷனுக்கு மிஞ்சினது ஒரு சொல். அது "வேணாம்" என்று இருக்கக் கூடாதா? "தப்பு" என்று இருக்கக் கூடாதா? கல்யாணம் ஆன நாள் முதலாக என்னிடம் எதற்கும் சரி என்று சொல்லாத மனுஷன். கடவுளுக்கு இதில்தானா விளையாட்டு?

"வேற வார்த்தை வரவே வராதா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"சில பேருக்குப் பாடும்போது வரும் மேடம். சாமி கும்பிடும்போது வரும். நல்லா கோபம் வந்தா, திட்டும்போது டக்குனு வந்துடும். அது தானா வர்ற பேச்சு."

பாட்டு அவருக்கு வராது. கோயிலுக்கு என் கட்டாயத்துக்கு வருவார், வந்தாலும் செருப்பு இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார். கோபம் வரும். அதிலும் எதற்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்?

அன்றிலிருந்து ஆரம்பித்தேன். காலண்டர் தாள்களைக் கிழித்து, பின்பக்கம் பெரிய எழுத்தில் வாக்கியம் எழுதி, கண்ட இடத்தில் கமா வைத்தேன். "My husband, is a stubborn man." இங்கிலீஷ் தெரிந்தவன் எவனும் அந்த இடத்தில் கமா வைக்க மாட்டான். என் வகுப்பில் ஒருத்தி வைத்திருந்தால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பேன். சில்வர் பேனாவை அவர் இடது கையில் கொடுத்து, தாளை முன்னால் வைத்தேன்.

"நல்லா இருக்கா?"

"சரி" என்றார். பேனாவைப் பிடித்தபடியே இருந்தார்.

மறுநாள் இன்னும் இரண்டு கமா சேர்த்தேன். அதற்கு மறுநாள் வார்த்தைக்கு வார்த்தை வைத்தேன், பொங்கலில் மிளகு விழுந்த மாதிரி. "பாருங்க, எவ்ளோ உண்ணி! பாத்துக்கிட்டு சும்மா இருக்கீங்களா? உங்களுக்கு சூடு சொரணை இல்ல?" என்று கத்தினேன். சண்டை சத்தம் கேட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டதால், பாபி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "டீச்சரம்மா, பாவம், உடம்பு முடியாதவரு" என்றார். நான் என்ன பாடு படுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"சரி" என்றார் அவர்.

ஒரு நாள் கம்பெனியில் இருந்து அவருடைய தோஸ்த் வந்தார். வாணியம்பாடிக்காரர், வெட்டுகிற பிரிவுக்குப் பொறுப்பாளர். இருவரும் ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தவர்கள். வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே அவரைத் தனியாக நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். எப்படியாவது கோபப்படுத்துங்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

"இன்னாண்ணா, ஜம்முனு வீட்ல உக்காந்துட்ட? அங்க இப்போ மெயில் எல்லாம் கம்ப்யூட்டரே பாக்குது. அதுவே கமா போட்டுக்குது. நீ எடுத்ததெல்லாம் அது திரும்ப வச்சிடுச்சி. உன்ன யாரும் தேடலண்ணா. நீ இல்லாமயே சரக்கு போவுது."

தோஸ்தின் முகத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ரொம்ப மெதுவாக, "சரி" என்றார்.

தோஸ்த் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போனார். போன் அடிக்கவே இல்லை. திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. "அண்ணி, நான் சொன்னது பொய்யி. தினம் தேடறோம். அவர்கிட்ட சொல்லிடுங்க" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே போய்ச் சொன்னேன். அதற்கும் அதே பதில்தான்.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் வந்தது. கை போனது, பேச்சு போனது, அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆள் உள்ளே இருக்கிறாரா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வீடு பூட்டியிருந்தால் கதவைத் தட்டலாம். உள்ளே ஆளே இல்லாத வீட்டை எத்தனை நாள் தட்டுவது?

கடைசியாக அந்த வாக்கியத்தை எழுதினேன். நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று கத்தின அந்த வாக்கியம். "The pairs, which are damaged, will be replaced." இரண்டு கமாவையும் தடியாக வைத்தேன். அவர் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பரீட்சை அட்டையை வைத்து, அதன்மேல் தாளை வைத்தேன்.

"மெயில் போவுது. படிச்சிட்டு சொல்லுங்க. அனுப்பிடலாமா?"

கண் தாளில் ஓடியது. முதல் கமாவில் நின்றது. எனக்கு அது தெரிந்தது. பிள்ளைகள் படிக்கும்போது எந்த எழுத்தில் தடுக்குகிறார்கள் என்று பார்த்துப் பழகின கண் என்னுடையது. பிறகு இடது கை மெதுவாக எழுந்து, சுட்டுவிரல் வந்து அந்தக் கமாவின்மேல் உட்கார்ந்தது. அழுத்தியது. காது மடல் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அட என் சாமி, அதே கோபம்! செருப்புக்கூடக் கழற்றாமல் வந்த அன்றைக்கு இருந்த அதே முகம்!

"சொல்லுங்க. திட்டுங்க. நல்லா திட்டுங்க" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

நாக்கு நுனி பல்லுக்கு நடுவில் வந்தது. தப்பு என்று சொல்ல நாக்கு அங்கேதான் வர வேண்டும். அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். நானும் பிடித்துக்கொண்டேன்.

"சரி" என்றார்.

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி வாயைத் திறந்தார். "சரி." கையால் தாளை அடித்தார். "சரி! சரி! சரி!" ஒவ்வொரு தடவையும் விரல் அந்தக் கமாவைக் காட்டியது, வாய் அதைச் சரி என்றது. பிறகு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே இருக்கிறார். முழுசாக இருக்கிறார். கமாவைக்கூட மறக்கவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அன்று வரைக்கும் அவர் சொன்ன ஒவ்வொரு சரிக்கும் உள்ளே ஒரு தப்பு இருந்திருக்கிறது. தோஸ்த் "உன்ன யாரும் தேடல" என்று சொன்னதையும் புரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். நான் சூடு சொரணை இல்லையா என்று கத்தினபோதும் எல்லாம் புரிந்துதான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறந்தால் வேறு சொல் வந்து விழும் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்திருக்கிறார். அவர் தலையை வயிற்றோடு கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

பிறகு சில்வர் பேனாவை எடுத்து, அந்த இரண்டு கமாவையும் நானே வட்டம் போட்டேன். "தப்புதாங்க. எனக்கும் தெரியும். மொத்த சரக்கும் குப்பைன்னு ஆயிடும். இந்த மெயில் போவாது" என்றேன். அவர் மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது.

பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் சொன்னேன். தான் சொல்வது தப்பு என்று அவருக்கே தெரிவது நல்ல அறிகுறி மேடம் என்று சந்தோஷப்பட்டாள். அவள் படித்தவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அட்டைகள் இன்னும் நடக்கின்றன. பசு, சாவி, குடை. நான் மட்டும் தப்பான வாக்கியம் எழுதுவதை விட்டுவிட்டேன்.

இப்போது அவரிடம் கேள்வி கேட்பதற்கு முன்னால் யோசிக்கிறேன். சரி என்பது பொய்யாகிவிடும் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. டீ வேண்டாம் என்று முகம் சொன்னால், "டீ இப்ப வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று நானே சொல்கிறேன். சரி என்கிறார். மனுஷனிடம் இருப்பது ஒரு சொல். அதையாவது அவர் மனசறிந்து சொல்லட்டும்.

நேற்று பத்தாம் வகுப்புக்கு ஒரு பயிற்சித் தாள் எழுதினேன். "After lunch we will check the answers." லஞ்சுக்குப் பின்னால் கமா வைக்கக் கை துடித்தது. எனக்கு இன்றைக்கும் அங்கே கமா வேண்டும்தான். வைக்கவில்லை. தாளைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். படித்தார். கமா இல்லாத இடத்தில் கண் ஒரு கணம் நின்றது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சரி" என்றார்.

"ஜெயிச்சிட்டீங்க, போங்க" என்றேன்.

இப்படி ஒரு நாள் வரும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் விட்டுக்கொடுத்துப் போயிருப்பாய் இல்லையா என்று அக்கா போனில் கேட்டாள். எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருப்பேன்.